அன்றாடப் பேச்சும் பணிக்குழுத் தலைமையும்

ஒரு நிறுவனத்தில் தலைமை இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, நியமன ஆணையின் வழியாக வருவது: சூப்பர்வைசர், குழுத் தலைவர், மேலாளர் என்று பதவிப் பெயரோடு வரும். மற்றொன்று, உடன் வேலை செய்பவர்கள் தாங்களாகவே ஒருவருக்குக் கொடுப்பது. இதற்கு ஆணையோ சம்பள உயர்வோ கிடையாது. சிக்கல் வந்ததும் எல்லோரும் யார் முகத்தைப் பார்க்கிறார்களோ அவரிடம் அது இருக்கிறது. இந்த இரண்டாம் வகைத் தலைமையைச் சமூக உளவியலார் 'எழும் தலைமை' என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். அது பெரிய சொற்பொழிவுகளில் எழுவதில்லை. ஷிப்ட் மாறும் நேரத்திலும், கேன்டீன் வரிசையிலும், கம்பெனிப் பேருந்திலும் நடக்கும் சிறு சிறு பேச்சுகளில்தான் எழுகிறது. அந்தப் பேச்சில் என்ன நடக்கிறது என்பதை, சென்னையின் மேற்குப் புறநகர்த் தொழிற்பகுதியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

இடம்

அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. 1960களில் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ், சுந்தரம்-கிளேட்டன் ஆலைகளும், அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. ஆவடியில் 1965-இல் விஜயந்தா பீரங்கி வண்டி உருவாகி வெளிவந்தது. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் ஆலைகள் 1990களின் பிற்பகுதியிலிருந்து பெருகின. தொழிற்பேட்டையின் பழைய கொட்டகைகள் சில இன்று மென்பொருள் அலுவலகங்களாகிவிட்டன. பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறை, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் அரசுத் தொழிற்சாலை, கண்ணாடிச் சுவர் அலுவலகம் ஆகிய மூன்றும் ஒரே பேருந்துத் தடத்தில் அமைந்த வட்டாரம் இது. வேலை வேறு என்றாலும் வேலையிடத்துப் பேச்சின் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

இரண்டு நிமிடப் பேச்சு

விளக்கத்துக்காக ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறை, மதியம் இரண்டு மணி. முதல் ஷிப்ட் கை கழுவிக்கொண்டிருக்கிறது, இரண்டாம் ஷிப்ட் உள்ளே வருகிறது. ஒரு சி.என்.சி. லேத்தில் துளையின் அளவு நிலையாக வரவில்லை. ஒரு பீஸ் சரியாக இருக்கிறது, அடுத்தது தள்ளிப் போகிறது.

சூப்பர்வைசர் சொல்கிறார்: "சாயங்காலத்துக்குள்ள இன்னும் நானூறு பீஸ் போகணும். ரிஜெக்‌ஷன் வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. மூத்த ஆபரேட்டர் ஒருவர், பக்கத்தில் துணியால் கை துடைத்துக்கொண்டிருக்கும் ஹெல்பரைப் பார்க்கிறார்.

"தம்பி, நீ காலையிலேர்ந்து இங்கதான நிக்கிற. எப்பலேர்ந்து இப்படி?"

"டீக்கு அப்புறம்ண்ணே. இன்செர்ட் மாத்தினாங்க. ஒரு பத்து பீஸ் நல்லாதான் வந்துச்சு."

"யாரு மாத்தினா?" என்று சூப்பர்வைசர் குறுக்கிடுகிறார்.

"அது கெடக்கட்டும் சார், அப்புறம் பேசிக்கலாம். ஸ்க்ரூ சரியா டைட் ஆவாம இருக்கலாம். ஒரு பத்து நிமிஷம் மெஷின நிறுத்திப் பாத்துடலாமா? இல்லன்னா நானூறையும் ஓட்டிட்டு நாமதான் உக்காந்து பொறுக்கணும்."

"பத்தே நிமிஷம்."

இவ்வளவுதான். பட்டறையில் யாரும் இதை ஒரு நிகழ்ச்சியாகக் கருத மாட்டார்கள். ஆனால் பேச்சு தொடங்கியபோது அங்கே அதிகாரம் சூப்பர்வைசரிடம் மட்டும்தான் இருந்தது. அது முடிந்தபோது அங்கிருந்த ஆறேழு பேரும், சூப்பர்வைசர் உட்பட, அடுத்த முறை யாரைக் கேட்பது என்று தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

எப்படி? ஆபரேட்டர் முதலில் செய்தது ஒரு கேள்வி கேட்டது. அதுவும் அந்த இடத்தில் மிகக் கீழ்நிலையில் இருந்தவரிடம். தகவல் அவரிடம்தான் இருந்தது, ஆனால் கேட்காமல் அவர் சொல்லியிருக்க மாட்டார். இரண்டாவதாக, "யாரு மாத்தினா" என்ற கேள்வியை அவர் ஒத்திப்போட்டார். இன்செர்ட் மாற்றியவர் அங்கேயே, கைகழுவும் குழாயடியில் நிற்கக்கூடும். பெயர் வெளிவந்திருந்தால் பேச்சு அத்தோடு நின்றிருக்கும். மூன்றாவதாக, சூப்பர்வைசரின் அதிகாரத்தை அவர் தொடவே இல்லை. "நிறுத்துங்க" என்று சொல்லாமல் "பாத்துடலாமா" என்றார். முடிவு சூப்பர்வைசருடையதாகவே இருந்தது. கடைசியாக, 'நாமதான்' என்ற ஒரு சொல்லால், எதிரெதிராக நின்றவர்களை ஒரே பக்கத்தில் நிறுத்தினார்.

நாம், நாங்கள்

அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தன்மைப் பன்மையில் தமிழுக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது 'நாம்', விலக்கிச் சொல்வது 'நாங்கள்'. ஆங்கிலத்திலோ இந்தியிலோ இந்த வேறுபாடு இல்லை. ஒரு மேலாளர் ஆங்கிலத்தில் பன்மையில் பேசினால், அதற்குள் கேட்பவர் இருக்கிறாரா இல்லையா என்பதைக் கேட்பவரே ஊகிக்க வேண்டும். தமிழில் பேசுபவர் வாயைத் திறந்ததுமே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அதனால் பணிக்குழுவில் யார் எப்போது 'நாம' என்கிறார், எப்போது 'நாங்க' என்கிறார் என்று கவனித்தாலே அணிகள் எங்கே பிரிகின்றன என்று தெரிந்துவிடும். "நாங்க சொன்னோம், நீங்க கேக்கல" என்பது முடிந்துபோன உறவின் வாக்கியம். நிரந்தரத் தொழிலாளர்கள் 'நாங்க' என்று சொல்லும்போது ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியும். அந்த எல்லையைக் கடந்து முதலில் 'நாம' என்று சொல்பவர், சொல்லிவிட்டு அதற்கேற்ப நடந்துகொண்டால், தலைவராகத் தொடங்குகிறார்.

நடந்துகொண்டால் என்பது முக்கியம். "இன்னிக்கு நாம ஓவர்டைம் பாத்து முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் அதிகாரியின் 'நாம'வை யாரும் நம்புவதில்லை. அந்தப் பொய்யான 'நாம'வைவிட நேர்மையான 'நீங்க' மேல் என்றே தொழிலாளர்கள் நினைப்பார்கள்.

இதற்கு உலக அளவில் ஓர் ஒப்புமை உண்டு. நிக்லாஸ் ஸ்டெஃபன்ஸ், அலெக்சாண்டர் ஹாஸ்லம் என்ற ஆய்வாளர்கள் 1901 முதல் ஆஸ்திரேலியாவில் நடந்த 43 கூட்டாட்சித் தேர்தல்களின் பிரசார உரைகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 80 விழுக்காடு தேர்தல்களில், தன்மைப் பன்மைச் சொற்களை அதிகம் பயன்படுத்தியவரே வென்றிருந்தார். அது பட்டறைப் பேச்சு அல்ல, மேடைப் பேச்சு. சொல் வெற்றியைத் தந்தது என்றும் இதை வைத்து நிறுவ முடியாது. என்றாலும், தலைவர் என்பவர் குழுவை ஒரு குழுவாகப் பேசிக் காட்டுபவர் என்ற கருத்துக்கு இது ஆதரவு தருகிறது.

இன்னொரு சிக்கலும் இந்த வட்டாரத்தில் உண்டு. பட்டறைகளில் இப்போது ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். பொது மொழி உடைந்த இந்தியாகவோ உடைந்த தமிழாகவோ இருக்கிறது. அங்கே 'நாம்–நாங்கள்' நுட்பம் எடுபடாது. அத்தகைய குழுவில் இரு மொழியும் ஓரளவு தெரிந்த ஒருவர், வயதிலும் பதவியிலும் சிறியவராக இருந்தாலும், சில வாரங்களில் முக்கியமானவராகிவிடுகிறார். செய்தி எல்லாம் அவர் வழியாகத்தான் போகிறது. சொல்பவர் சொன்னதை அப்படியே கொண்டுசெல்வாரா, கோபத்தை வடிகட்டிக் கொண்டுசெல்வாரா என்பது அவர் கையில் இருக்கிறது.

அண்ணே, சார், தம்பி

விளிச்சொற்களும் இப்படித்தான். முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஆபரேட்டரிடம், டிப்ளமா முடித்து நேற்று சேர்ந்த பொறியாளர் பதவியில் உயர்ந்தவர், வயதில் மகன் போன்றவர். "அண்ணா, இத எப்படி செட் பண்றதுன்னு கொஞ்சம் காட்டுங்களேன்" என்று அவர் கேட்டால் அவருடைய பதவி குறைவதில்லை. அடுத்த மாதம் அவர் சொல்வதைக் கேட்க ஒரு காரணம் உண்டாகிறது. சமூக உளவியலாளர் எட்வின் ஹாலண்டர் 1958-இல் இதை ஒரு வங்கிக் கணக்குப் போல விளக்கினார். குழுவின் வழக்கங்களை மதித்து, வேலையில் திறமை காட்டுபவர் மெல்ல நன்மதிப்பைச் சேமிக்கிறார். பிறகு வழக்கத்தை மாற்ற அவர் முயலும்போது அந்தச் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறார். சேமிக்காமலே செலவழிக்க வருபவரைக் குழு ஏற்பதில்லை.

ஆனால் உறவுச்சொல் எப்போதும் அன்பின் அடையாளம் அல்ல. துப்புரவுப் பணியாளரை வயது பாராமல் 'நீ, வா, போ' என்று அழைப்பதும், பெண் பொறியாளரை அவர் இல்லாத இடத்தில் 'அந்தப் பொண்ணு' என்று குறிப்பிடுவதும் அதே பேச்சுக்குள்தான் நடக்கின்றன. சாதியும் பாலினமும் ஆலைக் கதவுக்கு வெளியே நின்றுவிடுவதில்லை. எல்லோருக்கும் ஒரே தொடக்கத் தொகையோடு ஹாலண்டரின் கணக்கு திறக்கப்படுவதில்லை என்று சொல்லலாம்.

அதிகம் பேசுபவர்

பேச்சுக்கும் தலைமைக்கும் உள்ள தொடர்பை முறையாக அளக்கத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பேல்ஸ். சிறு குழுக்கள் பேசுவதைக் கவனித்து, ஒவ்வொரு கூற்றையும் பன்னிரண்டு வகைகளுள் ஒன்றாகக் குறிக்கும் முறையை 1950-இல் வெளியிட்டார். கருத்துக் கூறுதல், கருத்துக் கேட்டல், உடன்படுதல், இறுக்கம் தளர்த்துதல் போன்றவை அந்த வகைகள். அதிகம் பேசுபவரே மற்றவர்களால் அதிகம் பேசப்படுபவராகவும் இருந்தார். அவரும் பிலிப் ஸ்லேட்டரும் தொடர்ந்து கண்ட இன்னொன்று சுவையானது: சிறந்த யோசனை சொல்பவர் என்று குழு தேர்ந்தெடுத்தவரும், மிகவும் பிடித்தவர் என்று தேர்ந்தெடுத்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள் அல்ல. வேலையை நகர்த்தும் தலைமை ஒருவரிடமும், மனத்தைச் சமன்செய்யும் தலைமை இன்னொருவரிடமும் இருந்தது. நம் பட்டறைகளிலும் மெஷின் சிக்கலுக்கு ஒருவரையும் வீட்டுச் சிக்கலுக்கு இன்னொருவரையும் தேடிப் போவது இயல்பு.

அதிகம் பேசுபவரையே தலைவராகக் கருதிவிடும் இந்தப் போக்கு கவலைக்குரியதும்கூட. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் நீல் மெக்லாரனும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். அறிவுத்திறன், ஆளுமை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், பேசிய நேரத்துக்கும் தலைவராகக் கருதப்படுவதற்கும் வலுவான தொடர்பு இருந்தது. ஆண் என்பதற்காகவே கூடுதல் ஆதரவு கிடைத்ததும் தெரிந்தது. மென்பொருள் அலுவலகக் காலைக் கூட்டங்களில் ஆங்கிலம் சரளமாக வருபவர் முதலில் பேசுகிறார், முதலில் பேசுபவர் முன்னால் நிற்கிறார். மாவட்டக் கல்லூரியிலிருந்து வந்து, நிரலைத் துல்லியமாக எழுதிவிட்டு வாய் மூடியிருப்பவர் பின்னால் போகிறார். இப்படி எழும் தலைமை நல்ல தலைமையாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. மேலே பார்த்த ஆபரேட்டர் அதிகம் பேசவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவர் மற்றவரைப் பேசவைத்தார்.

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் ஹோம்ஸ் தலைமையில் 1996-இல் தொடங்கிய 'பணியிட மொழி' ஆய்வுத் திட்டம், வேலையிடங்களில் உண்மையில் நடக்கும் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தது. அதில் ஒரு சோப்புத்தூள் ஆலையின் பொதிகட்டும் குழு புகழ்பெற்றது. பசிபிக் தீவுகளைச் சேர்ந்த பலர் இருந்த அந்தக் குழுவின் தலைவி ஒரு சமோவப் பெண். காலைக் கூட்டத்தில் தவறுகளை ஒளிவுமறைவின்றிக் கண்டிப்பார். பிறகு வேலை வரிசையில் ஒருவரோடொருவர் கேலி பேசிக்கொள்வார்கள். வெளியார் கேட்டால் முகம் சுளிக்கும் வசைச்சொற்கள்கூட அந்தக் குழுவுக்குள் நெருக்கத்தின் அடையாளமாக இருந்தன என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். கேலி செய்யும் உரிமையும் கண்டிக்கும் உரிமையும் சேர்ந்தே வருகின்றன. சென்னைப் பட்டறைகளின் 'கலாய்ப்பு' தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஏதும் இருக்காது.

மேஸ்திரியிலிருந்து சங்கம் வரை

பழைய ஆலைகளில் தலைமை மேலிருந்து வந்தது. ஆளைப் பிடித்து வருவதும், வேலை பிரிப்பதும், நீக்குவதும் மேஸ்திரியின் கையில் இருந்தன. இந்த முறையின் கேடுகளை 1929–31 காலத்து ராயல் தொழிலாளர் ஆணையம் விரிவாகப் பதிவுசெய்தது. மேஸ்திரியிடம் குறை சொல்ல முடியாது, குறையே பெரும்பாலும் மேஸ்திரிதான்.

அப்படியானால் பேச்சு எங்கே போகும்? அம்பத்தூரிலிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே, பெரம்பூரில் இதற்கு ஒரு வரலாற்று விடை உண்டு. பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வெங்கடேச குணாமிர்த வர்ஷினி சபையில் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடுவார்கள். சபையை நடத்திய வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டார்கள். மதிய உணவுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது அவற்றில் ஒன்று. அவ்விருவரும் அதை அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' இதழோடு தொடர்புடைய பி.பி. வாடியாவிடம் கொண்டுசென்றார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. வாடியா, திரு.வி.க. போன்றோரின் பெயர்களோடுதான் வரலாறு அதை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் மேடை போடப்படும் முன்பே, சாப்பாட்டு நேரத்தைப் பற்றிய முணுமுணுப்பை 'இது எல்லோருடைய குறை' என்று கேட்டறிந்த இரண்டு காதுகள் பெரம்பூரில் இருந்தன.

ஆலைக்குள்ளேயே இது நடந்த இந்தியச் சான்று அகமதாபாத்தில் இருக்கிறது. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ், 1953-இல் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிக் கொட்டகையின் வேலை அமைப்பை ஆராய்ந்தார். ஒவ்வொருவரும் ஒரு துண்டு வேலையைத் தனித்தனியே செய்து, மேலே உள்ளவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மாறாக, சில தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப்பொறுப்பு ஏற்கலாம் என்ற யோசனை பேச்சில் முன்வைக்கப்பட்டது. தொழிலாளர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டு, யாரோடு யார் சேர்வது என்பதையும் தமக்குள் பேசி முடிவுசெய்து, குழுக்களாகப் பிரிந்தார்கள். குழுவுக்கு ஏழு பேர். உற்பத்தியும் துணியின் தரமும் மேம்பட்டன. 1970 வாக்கில் எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது ஒரு கொட்டகையில் அந்த முறை பெருமளவு நிலைத்திருந்தது, மற்றவற்றில் தேய்ந்திருந்தது.

பாடியின் தர வட்டங்கள்

அன்றாடப் பேச்சுக்கு ஆலை நேரத்திலேயே ஓர் இடம் ஒதுக்கும் முயற்சியைத் தர வட்டம் எனலாம். ஜப்பானில் 1962-இல் கவோரு இஷிகாவா இதை வளர்த்தெடுத்தார். ஒரே பகுதியில் வேலை செய்யும் ஆறு முதல் பத்துப் பேர் வாரம் ஒரு முறை கூடி, தங்கள் வேலையில் உள்ள ஒரு சிக்கலைத் தாங்களே தேர்ந்தெடுத்து, காரணங்களை மீன்முள் வடிவப் படமாக வரைந்து, தீர்வைச் சோதித்துப் பார்ப்பார்கள். இந்தியாவில் 1980-இல் ஐதராபாத் பெல் ஆலையில் இது தொடங்கியது. 1982-இல் இந்தியத் தர வட்ட மன்றம் உருவானது.

சென்னையில் இதன் பெயர்பெற்ற களம் பாடி. 1998-இல் சுந்தரம்-கிளேட்டனின் பிரேக்குகள் பிரிவு டெமிங் விருதைப் பெற்றது, இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது முதல் முறை. 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2004-இல் லூகாஸ்-டிவிஎஸ் என்று விருதுகள் தொடர்ந்தன. விருது பெற்றவை நிறுவனங்கள். தர முறையின் அடிப்படை நம்பிக்கையோ வேறு: மெஷினுக்கு அருகில் நிற்பவருக்குத்தான் மெஷினைப் பற்றி அதிகம் தெரியும், அவரைப் பேசவைப்பதே நிர்வாகத்தின் வேலை.

மீன்முள் படத்தின் நன்மை கணக்கியலில் மட்டும் இல்லை என்பது என் கருத்து. 'யார் காரணம்' என்ற கேள்வியை அது 'எது காரணம்' என்று மாற்றுகிறது. ஆள், பொறி, பொருள், முறை என்று முட்கள் பிரியும்போது, ஆள் என்பது பல முட்களில் ஒன்றாகிவிடுகிறது. பட்டறை ஆபரேட்டர் "அது கெடக்கட்டும் சார்" என்ற மூன்று சொற்களுக்குள் செய்ததை, படம் தாளில் செய்கிறது. தயங்கியவர் வாய் திறக்கிறார். கரும்பலகையில் எழுதுபவர், மற்றவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்பவர், "நேத்து இவரும் இதத்தான சொன்னாரு" என்று பிறர் யோசனைக்கு உரியவர் பெயரைச் சேர்ப்பவர் என்று வேலைகள் பிரிகின்றன. அவற்றை விடாமல் செய்பவர் சில மாதங்களில் வட்டத் தலைவராகிறார்.

எல்லா இடத்திலும் இது நன்றாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. தர வட்டம் போட்டி மேடைக்கான நாடகமாகச் சுருங்குவது உண்டு. சிக்கலை மேலாளர் கொடுப்பார், தீர்வும் முன்பே தெரியும், நன்றாகப் பேசுபவர் ஒப்பித்துக் கோப்பை வாங்கி வருவார். அங்கே பேச்சு நடக்கிறது, ஆனால் அதில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

கேட்பதற்கும் தவறு வெளிவருவதற்கும் உள்ள உறவை ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் கண்டார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, 1996-இல் வெளியான அந்த ஆய்வில் கிடைத்தது நேர்மாறான விடை. நல்ல குழுக்களில் பதிவான தவறுகள் அதிகம். அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, அதிகம் சொன்னார்கள் என்பதே அவருடைய விளக்கம். பின்னர் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, அச்சமின்றிப் பேசும் சூழலுக்கும் குழு கற்றுக்கொள்வதற்கும் உள்ள தொடர்பை 1999-இல் வெளியிட்டார். பிரஸ் மெஷினில் கை வைக்கும் தொழிலில் இது வெறும் தரக் கணக்கு அல்ல. பாதுகாப்புத் தடுப்பு கழற்றப்பட்டிருப்பதை ஹெல்பர் சொல்லத் துணிகிறாரா இல்லையா என்பதில் விரல்கள் அடங்கியிருக்கின்றன.

பூந்தமல்லி, டிசம்பர் 2021

கேட்கப்படாத பேச்சு நின்றுவிடுவதில்லை, வேறு வழி பார்க்கிறது. திருப்பெரும்புதூர் பகுதியின் ஃபாக்ஸ்கான் ஆலையில் கைப்பேசி ஒருங்கிணைக்கும் பெண்கள் பலர், பூந்தமல்லிச் சுற்றுவட்டாரத்து விடுதிகளில் தங்கியிருந்தார்கள். பெரும்பாலானோர் இளம்பெண்கள், வெளிமாவட்டத்தினர். 2021 டிசம்பர் நடுவில் ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் தங்கியிருந்தவர்களின் நிலை பற்றி மற்றவர்களுக்குத் தெளிவான செய்தி எட்டவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவியது. அது உண்மையல்ல. டிசம்பர் 18 அன்று பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரமாக இல்லை என்று கண்டு, ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரி 12 அன்று ஆலை மீண்டும் திறந்தது.

இதில் தலைவர் என்று ஒரு பெயரைச் சுட்டுவது கடினம். அறைக்கு அறை, பேருந்துக்குப் பேருந்து நடந்த பேச்சுதான் கூட்டத்தைத் திரட்டியது. சாப்பாடு சரியில்லை என்ற பேச்சு ஒரே இரவில் பிறந்திருக்காது. சாதாரண நாளில் "அக்கா, சாம்பார் வாடை அடிக்குது" என்று ஒருத்தி சொல்ல, அதை வார்டனிடமும், வார்டனிடமிருந்து ஒப்பந்தக்காரரிடமும் கொண்டுபோய், பதிலோடு திரும்பி வரும் ஒருவர் ஒவ்வொரு தளத்திலும் இருந்திருந்தால், உண்மைச் செய்தி சொல்லவும் அவரே இருந்திருப்பார். நம்பப்படும் தூதர் இல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது. வேலை வரிசையில் பேச நேரமில்லை, பேருந்தில் தூக்கம், விடுதியில் புகார் சொன்னால் வேலை போகுமோ என்ற பயம். தலைமை எழுவதற்கான சிறு இடங்கள் அனைத்தும் அடைபட்டிருந்த ஒரு வாழ்க்கை அது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகத்தைத் தமிழ்நாடு அரசு திறந்தது. செலவு ரூ. 706.50 கோடி. கட்டில், குடிநீர், உணவுக்கூடம் ஆகியவற்றைக் கட்டடத் திட்டத்தில் வரைந்துவிடலாம். ஒரு தளத்துப் பெண்கள் தமக்குள் யாரை "நீங்க போய்க் கேளுங்கக்கா" என்று முன்னால் தள்ளுவார்கள் என்பதை வரைபடத்தில் குறிக்க முடியாது. அது அங்கே குடியேறி, முதல் முறை தண்ணீர் வராத காலையில்தான் தெரியவரும்.